அரசர் கட்டிலும் ஆண்டியப்பன் தளமும்

முன்னொரு காலத்தில், ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரால் தூக்கம் போன அரசர் ஒருவர் இருந்தார். நாட்டின் பெயர் நமக்கு வேண்டாம். அடைமழை தவறாமல் பெய்யும் நாடு என்று தெரிந்தால் போதும்.

ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள். அரசர் மல்லாந்து படுத்திருந்தார். பள்ளியறை மேல்தளத்திலிருந்து ஒரு சொட்டு இறங்கி அவர் மூக்கு நுனியில் விழுந்தது. வலப்பக்கம் திரும்பினார். இடது காதில் விழுந்தது. இடப்பக்கம் திரும்பினார். வலது காது. போர்வையை இழுத்துத் தலையை மூடினார். போர்வைமேல் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான்கு போர்க்களம் கண்ட மனிதர் அந்தச் சொட்டிடம் தோற்றுப்போனார்.

விடிந்ததும் மராமத்து மணியம் உலகளந்தாரை அழைத்தார். கோட்டைச் சுவர் முதல் குதிரைக் கொட்டடி வரை, இடிந்தது, ஒழுகியது, உளுத்தது எல்லாம் அவர் பொறுப்பு.

"அரைநாள் வேலை, மன்னா," என்றார் உலகளந்தார்.

அரைநாள் ஒரு மாதம் ஆயிற்று. ஒரு சொட்டு ஏழு சொட்டு ஆயிற்று. பள்ளியறையில் ஏழு வெண்கலப் பாத்திரங்களை வரிசையாக வைத்தார்கள். அரசருக்குத் தம் பாட்டனார் காலத்து எட்டுக்கால் தேக்குக் கட்டிலில் படுத்தால்தான் தூக்கம் வரும். அந்தக் கட்டில் கொள்ளும் மண்டபங்கள் அரண்மனையில் இன்னும் மூன்று இருந்தன. மூன்றும் ஒழுகின. ராணியின் மாளிகை ஒழுகவில்லை. ஆனால் ராணி, "மழையாவது விட்டு விட்டுப் பெய்கிறது, உங்கள் குறட்டை விடுவதே இல்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

ஒரு நாள் அரசர் சிவந்த கண்களோடு சபைக்கு வந்தார். வேற்று நாட்டுத் தூதர் பேசிக்கொண்டிருக்கும்போதே மூன்று முறை கொட்டாவி விட்டார். நான்காவது கொட்டாவியில் தூதர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

"எவருக்காவது ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்," என்றார் அரசர். "இந்த மழைக்கு என்னதான் முடிவு?"

சபையில் திருமேனி என்று ஒரு விகடகவி இருந்தான். முப்பது வயது. வடமொழியும் தமிழும் முறையாகப் படித்தவன். ஒன்றரை ஆண்டுக்கு முன் அவன் மனைவி செங்கமலம் காய்ச்சலில் இறந்தாள். அதற்குப் பிறகும் அவன் விகடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். சபை சிரிக்கும். அவன் சிரிப்பதில்லை. சொல்லிவிட்டுச் சும்மா நிற்பான்.

"மன்னா, ஏழு பாத்திரம், ஏழு சுரம்," என்றான். "நேற்று நின்று கேட்டேன். ஆறு சுத்தமாக இருக்கின்றன. ஒன்று மட்டும் சுருதி விலகுகிறது. மராமத்து ஐயா ஒரு மாதமாக அதைத்தான் சரி செய்கிறார் போலிருக்கிறது."

சபை சிரித்தது. தூதரும் சிரித்தார். உலகளந்தாரின் காது மடல் சிவந்தது.

"மன்னா, விகடம் பேசுவது எளிது. தளம் போடுவது அரிது," என்று எழுந்தார் அவர். "இவ்வளவு தெரிந்த திருமேனியிடமே இந்த வேலையை ஒப்படைக்கலாமே?"

"ஒப்படைப்பானேன்? கட்டிலைத் தூக்கி ஊருக்குள் ஒழுகாத வீடு ஒன்றில் போட்டால் தீர்ந்தது," என்றான் திருமேனி.

உலகளந்தார் இதற்காகவே காத்திருந்தவர் போல் சிரித்தார். "வழக்கம் அறியாத பேச்சு. அரசர் கட்டில் எந்தக் கூரையின் கீழ் மூன்று இரவு கிடக்கிறதோ, அந்தக் கட்டடம் அரண்மனைச் சொத்தாகிவிடும். மன்னரின் பாட்டனார் வகுத்த விதி. எந்தக் குடிமகனுடைய வீட்டைப் பிடுங்கச் சொல்கிறாய், திருமேனி?"

சபையில் பலர் தலையை ஆட்டினார்கள். அவரவருக்கு அவரவர் வீடு நினைவு வந்தது.

அரசர் தூக்கக் கலக்கத்தில் முடிவெடுத்தார். "சரி. திருமேனி, இனி இது உன் பொறுப்பு. கார்த்திகை தீபத்துக்குப் பதினைந்து நாள் இருக்கிறது."

"ஒரு சிறு விண்ணப்பம்," என்றார் உலகளந்தார். "வெளியூர்க் கொத்தர்களைக் கொண்டுவந்து அரண்மனையின் மானத்தை வாங்கக் கூடாது. பரம்பரைக் கொத்தனார் ஆண்டியப்பன் கைதான் படவேண்டும். வேலையாட்களை அடிக்கவோ சிறையில் போடவோ கூடாது. அதுவும் தங்கள் பாட்டனார் கொடுத்த வாக்கு. தீபத்துக்குள் முடியாவிட்டால், திருமேனி குடியிருக்கும் குளத்தங்கரை வீட்டை அரண்மனைக்குத் திருப்பித் தரவேண்டும். பொறுப்பு என்றால் பிணை வேண்டாமா?"

"ஆகட்டும். எழுதிக்கொள்," என்று ஓலைக்காரரிடம் சொன்னார் அரசர். கண்களை மூடிக்கொண்டே சொன்னார். "தீபத்துக்குள், ஆண்டியப்பன் கையால் போட்ட தளத்தின் கீழ், என் கட்டிலில், ஒரு சொட்டும் மேலே விழாமல், நான் விடியும்வரை தூங்கவேண்டும். செய்தால் வீடு திருமேனிக்கே. செய்யாவிட்டால் இல்லை." அவ்வளவும் சொல்லிவிட்டு அரியணையிலேயே தூங்கிப்போனார்.

திருமேனி, "உத்தரவு" என்றான். வேறு என்ன சொல்வது? குளத்தங்கரை வீட்டுக்குப் பக்கத்தில்தான் உலகளந்தார் புது மாளிகை கட்டிக்கொண்டிருந்தார். மாளிகைக்குக் குதிரை லாயம் போட இடம் போதவில்லை. இது ஊருக்கே தெரியும். திருமேனிக்குத் தெரிந்தது இன்னொன்று. நான்கு ஆண்டுகள் அவனும் செங்கமலமும் அந்த வீட்டில் வாழ்ந்தார்கள். அவள் புழங்கிய இடம் என்று உலகத்தில் வேறெதுவும் மிச்சமில்லை.

மூன்று முறை ஆள் அனுப்பிய பிறகு, மூன்றாம் நாள் மதியம் ஆண்டியப்பன் வந்தார். பள்ளியறைக்குள் நுழைந்தார். அண்ணாந்து பார்த்தார். நாக்கால் 'த்சு த்சு' என்றார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"யாரு சாமி இந்தத் தளத்தப் போட்டது?"

"ஏன்?"

"இதுக்குப் பேரு தளமா? சல்லடை. சுண்ணாம்பு பத்தல. கடுக்காய்த் தண்ணியக் கண்ணுலயே காட்டல. இதப் போட்டவன் இனிமே கரணையத் தொடப்படாதுன்னு உத்தரவு போடணும் சாமி."

"போன ஆடியில் நீர்தான் போட்டீர், கொத்தனாரே."

ஆண்டியப்பன் அசரவில்லை. மறுபடி அண்ணாந்து பார்த்தார். இந்த முறை முகம் கனிந்தது.

"அதானே பார்த்தேன். வேலை சுத்தமாத்தான் இருக்கு. மழை பேஞ்சு கெடுத்திருக்கு."

பிறகு ஏணி கேட்டார். மேலே ஏறினார். "எம்புட்டுத் தூரம் கெட்டிருக்குன்னு பார்த்துரலாம்" என்று கடப்பாறையால் நான்கு தட்டுத் தட்டினார். ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. ஓட்டை வழியாகக் கீழே குனிந்து, "நெறையக் கெட்டிருக்கு சாமி" என்றார். சாந்து பூசும் தம் கரணையை ஓட்டையின் விளிம்பில் குத்தி வைத்தார். "சுண்ணாம்பு நனைச்சுட்டு, நாளைக்கு வெள்ளி முளைக்க வந்து நின்னுருவேன்" என்று சொல்லிப் போய்விட்டார்.

அந்த நாட்டுக் கொத்தர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் கரணை வைத்துவிட்டுப் போன வேலையில் இன்னொருவர் கைவைக்கக் கூடாது. முதல் நாளே ஆண்டியப்பன் வேலையைத் தமதாக்கிக்கொண்டார். இனி அவர் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வராமலும் இருக்கலாம்.

ஏழு பாத்திரங்களை எடுத்துவிட்டு ஓட்டைக்கு நேர்கீழே ஓர் அண்டாவை வைத்தார்கள். அரசர் கட்டிலின் ஓரத்தில் ஒடுங்கிப் படுத்தார்.

வெள்ளி முளைத்தது. ஆண்டியப்பன் வரவில்லை. திருமேனி அவர் வீட்டுக்குப் போனான். வாசலில் அவர் மனைவி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான் சாமி கிளம்பிப் போறாரு. உங்க வேலைக்குத்தான்னு சொன்னாரு. வழியில பாக்கலியா நீங்க?"

"நான் அரண்மனையிலிருந்து நேராக வருகிறேன்."

"அப்ப குறுக்கு வழியில போயிருப்பாரு."

மறுநாளும் இப்பத்தான் கிளம்பியிருந்தார். அதற்கடுத்த நாளும். ஆண்டியப்பன் அந்தச் சில நாட்களில் எத்தனை முறை அரண்மனைக்குக் கிளம்பினார் என்பதற்குக் கணக்கே இல்லை. வந்து சேர்ந்ததுதான் இல்லை.

கடைசியில் திருமேனி அவரைத் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே கண்டான். உலகளந்தாரின் புது மாளிகை மாடியில். நடுக்கூடத்தின் மேல்தளம் போட்டு முடிந்திருந்தது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டைகளால் தளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிபோல் பளபளத்தது. முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். அந்தத் தளத்தின் ஓரத்தில் ஆண்டியப்பனும் தச்சு ஆசாரி கோலப்பனும் உட்கார்ந்து ஒரே வெற்றிலைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கொத்தனாரே, அரண்மனைக்கு எப்போது வருகிறீர்?"

"நான் இந்த நிமிசமே வரத் தயார்தான் சாமி. ஆசாரி விட்டத்துக்கு முட்டுக் கொடுக்கணுமே. முட்டு இல்லாம செங்கல்ல இறக்கினா என் தலையில விழாதா?"

திருமேனி ஆசாரியைப் பார்த்தான்.

"கொத்தனாரு செங்கல்ல இறக்காம நான் எதுல சாமி முட்டுக் கொடுக்கறது? விட்டம் கண்ணுக்குத் தெரியணும்ல?" என்றார் கோலப்பன்.

"நீங்கள் இருவரும் இதை ஒருவருக்கொருவர் பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடாதா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோலப்பன் சுண்ணாம்பை ஆண்டியப்பனிடம் நீட்டினார்.

"அது முறையில்லீங்க," என்றார் ஆண்டியப்பன். "அவரு வேலையில நான் தலையிட மாட்டேன்."

அதற்குப் பிறகு சுண்ணாம்பு புளிக்கவில்லை. புளித்தபோது அதில் கலக்கவேண்டிய வெல்லத்தை எறும்பு மொய்த்துவிட்டது. வேறு வெல்லம் வந்தபோது கடுக்காய் வண்டி ஆற்றில் மாட்டிக்கொண்டது. கடுக்காய் கரையேறியபோது ஆண்டியப்பனின் மைத்துனர் மகளுக்குக் காதுகுத்து. அது முடிந்து திரும்பிய அன்று நல்ல வெயில்.

"வெயில்ல தளம் போட்டா வெடிச்சுப் போயிரும் சாமி."

மறுநாள் மழை.

"மழையில போட்டா கரைஞ்சு போயிரும்."

"பிறகு எப்போதுதான் போடுவது?"

"வெயிலும் இல்லாம மழையும் இல்லாம ஒரு நாள் வரும். வந்தா நானே சொல்லி அனுப்பறேன். நீங்க அலையாதீங்க."

இவ்வளவையும் உலகளந்தார் தாழங்குடையின் கீழ் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நான் என்ன செய்ய, திருமேனி? சுதந்திரமான தொழிலாளிகள். அதட்டினால் பாட்டனார் வாக்குக்குப் பங்கம் வரும்" என்றார். சொல்லிக்கொண்டே எட்டிப் பார்த்தார். திருமேனி வீட்டுக் கொல்லையில் இரண்டு ஆட்கள் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். "எட்டுக் குதிரை கட்டலாமா, பத்துக் கட்டலாமா என்று ஒரு சந்தேகம். பக்கத்து வீட்டுக்காரன் நீ. நீயே சொல்லேன்."

திருமேனி கீழே இறங்கினான். அந்த ஆட்களைக் கடந்து தன் வீட்டுக்குள் போனான்.

அது பன்னிரண்டாம் நாள் மாலை. அடுப்பு மூட்டத் தோன்றவில்லை. சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அப்போதுதான் அந்தச் சுவரின் கதை நினைவுக்கு வந்தது.

கலியாணமான புதிதில் அந்தச் சுவர் ஈரம் ஊறிக் கிடந்தது. கொத்தனார் ஒருவர் வந்தார். இடித்தார். நாளைக்கு வருகிறேன் என்றார். பதினோரு நாள் வரவில்லை. திருமேனி தினமும் போய் இனிமையாகப் பேசிவிட்டு வந்தான். பன்னிரண்டாம் நாள் செங்கமலம் எழுந்தாள். அரிசியையும் பருப்பையும் கூடையில் எடுத்துக்கொண்டாள். பானையைத் தலையில் வைத்துக்கொண்டாள். நேரே கொத்தனார் வீட்டுச் சமையலறைக்குள் போய் அவர் அடுப்பில் உலை வைத்தாள்.

"என்னம்மா இது?" என்று அலறினாராம் கொத்தனார்.

"என் சமையக்கட்டுக்குச் சுவர் இல்ல. உங்க வீட்டுல நல்ல சுவரா இருக்கு. எங்க சுவர் எழும்புற வரைக்கும் இங்கதான் சமையல். ராத்திரிக்கு வத்தக்குழம்பு. அவர் சாப்பிட இங்கேயே வருவார். நீங்க காரம் சாப்பிடுவீங்கல்ல?"

மறுநாள் சாயங்காலம் சுவர் எழும்பிவிட்டது. கொத்தனாரின் மனைவியும் செங்கல் சுமந்தாள்.

அன்று இரவு வத்தக்குழம்பு ஊற்றும்போது செங்கமலம் சிரித்த சிரிப்பு நினைவு வந்தது. திருமேனிக்கும் சிரிப்பு வந்தது. முதலில் மூச்சுபோல வந்தது. பிறகு சத்தமாகவே வந்தது. ஒன்றரை ஆண்டு கழித்து வந்ததால் தொண்டை வலித்தது. கொல்லையில் கயிறு பிடித்திருந்தவர்கள் அளப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

பொழுது விடிந்ததும் அவன் ஓலைக்காரரிடம் போனான். அரசர் உத்தரவை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டான். பிறகு அரசரிடம் போனான்.

"மன்னா, இன்று மாலை தாங்கள் தூங்கப் புறப்படலாம். ஆண்டியப்பன் போட்ட தளம் தயார். ஒரு சொட்டு விழாது."

அரசருக்கு நம்பிக்கை வரவில்லை. அண்ணாந்து பார்த்தார். ஓட்டை வழியே ஒரு காக்கை அவரைப் பார்த்தது.

"இந்தத் தளமா?"

"தூங்கவேண்டியது தாங்கள். தளம் எது என்பதை எனக்கு விடுங்கள்."

அரசர் அந்த நிலையில் மரத்தடியைக் காட்டினாலும் படுத்திருப்பார். உத்தரவு கொடுத்தார்.

மாலையில் பதினாறு பேர் எட்டுக்கால் கட்டிலைத் தூக்கினார்கள். மேலே பனையோலைப் பாய் போர்த்தினார்கள். பின்னால் பல்லக்கில் அரசர். அவருக்குப் பின்னால் மெத்தைகள், தலையணைகள், விசிறிக்காரர்கள், சமையற்காரர்கள், இரண்டு யானைகள், கொம்பு ஊதுகிறவர்கள். அரண்மனை வாசலைத் தாண்டியதும் உலகளந்தாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. விதியைச் சொல்லியும் கட்டிலை வெளியே கொண்டுவந்துவிட்டான் மடையன். எவன் வீட்டுக்குக் கொண்டுபோனாலும் அவன் அழுவான், அரசர் கோபிப்பார், குளத்தங்கரை வீடு நமக்கு. ஊர்வலத்தில் அவரும் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு நடந்தார்.

கட்டில் கடைத்தெருவைத் தாண்டியது. கோயிலைத் தாண்டியது. குளத்தங்கரைப் பக்கம் திரும்பியது. உலகளந்தாரின் நடை கொஞ்சம் தளர்ந்தது. கட்டில் திருமேனி வீட்டைத் தாண்டியது. புது மாளிகை வாசலில் நின்றது.

"இறக்குங்கள்," என்றான் திருமேனி. "நடுக்கூடத்தில். தலைமாடு தெற்கே."

வாசலுக்கு ஓடிவந்த உலகளந்தாரின் மனைவி வடிவாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "என்னங்க! கிரகப்பிரவேசத்துக்கு முன்னாடியே மகாராசா நம்ம வீட்டுக்கு! நம்ம வம்சத்துல யாருக்குக் கிடைச்சுது இந்தப் பாக்கியம்?" என்று ஆரத்தி கரைக்க உள்ளே ஓடினாள். உலகளந்தார் பாக்கியத்தை விழுங்க முடியாமல் நின்றார். வந்த அரசரை வராதே என்று சொல்ல முடியுமா?

அன்று மழை கொட்டியது. அரசர் ஒரு போர்வை போர்த்திக்கொண்டு படுத்தார். சூரியன் பனை உயரம் ஏறிய பிறகுதான் எழுந்தார். முகம் தெளிந்திருந்தது. கூடத்திலேயே சபையைக் கூட்டினார்.

"மன்னா, இது ஏமாற்று வேலை!" என்றார் உலகளந்தார். "அரண்மனைத் தளத்தைத்தான் சரிசெய்யச் சொன்னீர்கள்."

"ஓலையைப் படி," என்றார் அரசர்.

ஓலைக்காரர் படித்தார். "ஆண்டியப்பன் கையால் போட்ட தளத்தின் கீழ், என் கட்டிலில், ஒரு சொட்டும் மேலே விழாமல், நான் விடியும்வரை தூங்கவேண்டும்."

"இந்தத் தளத்தைப் போட்டது யார்?" என்று அரசர் கேட்டார்.

"நான்தாங்க," என்றார் வாசலில் நின்ற ஆண்டியப்பன். நல்ல தளத்தை யார் போட்டதென்று யாரும் அவரை இதுவரை கேட்டதில்லை. அவருக்கு மார்பு விரிந்தது. "கடுக்காய்த் தண்ணி மட்டும் நாலு தடவை ஊத்தியிருக்கேன் மகாராசா. நூறு வருசம் அசையாது."

"கட்டில் என்னுடையது. சொட்டு விழவில்லை. விடியும்வரை அல்ல, விடிந்து நெடுநேரம் தூங்கினேன். திருமேனி தன் வேலையை முடித்துவிட்டான். வீடு அவனுக்கே."

திருமேனி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டான்.

"ஆனால் என் பள்ளியறை ஓட்டை அப்படியே இருக்கிறது," என்றார் அரசர். "அவன் பொறுப்பு முடிந்ததால் அது மறுபடி மராமத்து மணியத்திடம் வருகிறது. அவசரமில்லை, உலகளந்தாரே. அது அடைபடும்வரை இங்கேயே தங்குகிறேன். எனக்கு இங்கே நன்றாகத் தூக்கம் வருகிறது."

உலகளந்தார் விரல் விட்டு எண்ணினார். ஓர் இரவு போய்விட்டது. இன்னும் இரண்டு. சால்வை ஓரிடத்தில் விழ, செருப்பு ஓரிடத்தில் விழ, ஆண்டியப்பனை இழுத்துக்கொண்டு அரண்மனைக்கு ஓடினார்.

"ஆண்டியப்பா, இப்பவே ஏறு!"

"ஏறலாங்க. ஆசாரி முட்டுக் கொடுக்கணுமே."

"கோலப்பா!"

"செங்கல்ல இறக்கினாத்தானுங்க..."

"நானே இறக்குறேன்!" என்று மராமத்து மணியம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். அவர் ஏணியில் ஏறி எத்தனை வருடமோ, அவருக்கே நினைவில்லை.

"சுண்ணாம்பு புளிக்கலீங்களே."

"என் மாளிகைக்கு வெச்சிருக்கிறது புளிச்சிருக்குல்ல? அதை எடு!"

"வெயில் அடிக்குதுங்க. வெடிச்சிரும்."

உலகளந்தார் பந்தல் போட்டார்.

"மழை வருதுங்க. கரைஞ்சிரும்."

பந்தலின் மேல் பனையோலை வேய்ந்தார். தாமே கூடையில் சுண்ணாம்பு சுமந்தார். பட்டுத் தலைப்பாகை சும்மாடு ஆயிற்று.

"எங்க சின்ன மாமனாருக்கு உடம்பு சரியில்லன்னு சேதி..."

"ஆண்டியப்பா," என்றார் உலகளந்தார். கைகூப்பினார். "உனக்குப் புண்ணியமாப் போவுது. என் வீடு போயிடும்யா."

ஆண்டியப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். முப்பது வருடத்தில் ஒரு மணியம் அவரிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. விளிம்பில் குத்தியிருந்த கரணையைப் பிடுங்கினார். "அட, அரைநாள் வேலைங்க இது" என்றார்.

மாளிகையில் இரண்டாம் இரவும் கழிந்தது. அரசரின் குறட்டையில் புறாக்கள் கூடு மாறிப்போயின. வடிவாம்பாளின் சமையலறையை அரண்மனைச் சமையற்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவள் புறக்கடையில் கல் கூட்டிக் கஞ்சி வைத்தாள். அவள் வைத்த வாழைகளை யானைகள் முடித்திருந்தன. "ரெண்டாவது பாக்கியம் வேணாங்க. அவரை எப்படியாச்சும் அனுப்பி வைங்க" என்று கணவருக்குச் சொல்லி அனுப்பினாள்.

காலையில் அரசர் எழுந்திருக்காமல் மல்லாந்தபடியே திருமேனியை அழைத்தார். அவர் பார்வை கூரையில் இருந்தது.

"திருமேனி, அந்த விட்டத்தில் ஏதோ முத்திரை தெரிகிறது. அன்னப் பறவை மாதிரி இல்லை?"

"மாதிரி இல்லை, மன்னா. அன்னமேதான்."

"அரண்மனை மரத்தில்தானே அன்ன முத்திரை குத்துவோம்?"

"ஆமாம், மன்னா. கட்டிலைப் பிரிந்து இருக்க முடியாமல் விட்டங்கள் முன்னாடியே வந்து காத்திருக்கின்றன போலும். எத்தனை விசுவாசமான மரம்!"

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். கட்டில் ஆடியது. சிரித்து முடிந்ததும், "எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு விட்டங்கள்" என்றார். குரலில் சிரிப்பு இல்லை.

தீபத்தன்று மாலை, விளக்கேற்றும் வேளைக்குச் சற்று முன்னால், உலகளந்தார் தலைமுடியெல்லாம் சுண்ணாம்போடு வந்து நின்றார். தளம் முடிந்துவிட்டது. தட்டும் பெண்களோடு உட்கார்ந்து அவரும் கட்டை பிடித்துத் தட்டியிருந்தார். உள்ளங்கையில் கொப்புளங்கள்.

அரசர் பள்ளியறைக்குப் போனார். வெளியே நல்ல மழை. நடுவில் நின்று இரு கைகளையும் விரித்து நீட்டினார். சபை முழுவதும் அவர் கைகளையே பார்த்தது. ஒரு நாழிகை ஆயிற்று. கைகள் காய்ந்தே இருந்தன.

"கட்டிலைக் கொண்டுவாருங்கள்," என்றார்.

உலகளந்தார் அப்படியே தரையில் உட்கார்ந்தார். விட்ட மூச்சில் பாதி சுண்ணாம்பு பறந்தது.

"எழுந்திரும்," என்றார் அரசர். "உம் மாளிகை உமக்கே. ஆனால் அதைத் தாங்குவது என் விட்டங்கள். அதனால் இன்றுமுதல் நீர் மணியம் இல்லை. ஆண்டுதோறும் ஆவணியில், மழைக்கு முன்னால், அரண்மனைத் தளங்கள் எல்லாவற்றிலும் ஏறி ஆண்டியப்பனுக்குச் சுண்ணாம்பு எடுத்துக் கொடுக்கவேண்டும். நன்றாகச் சுமக்கிறீர் என்று கேள்விப்பட்டேன்."

பிறகு திருமேனியை அருகே அழைத்துப் பொன்முடிப்பும் பட்டுச் சால்வையும் கொடுத்தார். குளத்தங்கரை வீடு தலைமுறை தலைமுறையாக அவனுக்கே என்று செப்புப் பட்டயம் எழுதச் சொன்னார்.

"இன்னும் ஏதாவது கேள். ஆமாம், உன் வீடும் பழைய வீடுதானே? மராமத்து ஏதாவது இருந்தால் சொல். நாளைக்கே ஆண்டியப்பனை அனுப்புகிறேன்."

திருமேனி நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தான்.

"மன்னா! நான் என்ன குற்றம் செய்தேன்?"

அரசர் சிரிக்கத் தொடங்கினார். கிரீடம் நழுவிக் கழுத்தில் இறங்கும்வரை சிரித்தார். தூதர் சிரித்தார். ஓலைக்காரர் எழுத்தாணியை நழுவவிட்டுச் சிரித்தார். ஆண்டியப்பனும், எதற்கென்று புரியாமலே, நன்றாகச் சிரித்தார். இந்த முறை திருமேனியும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான்.

"எழுதிக்கொள்," என்றார் அரசர், கண்களைத் துடைத்தபடி. "பட்டயத்தின் கடைசி வரி. சூரியனும் சந்திரனும் உள்ளவரை, இந்த வீட்டுக்குள் அரண்மனை மராமத்து ஆள் எவரும் கால் வைக்கக் கூடாது."

திருமேனி பட்டயத்தைச் சால்வையில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டான். மழை விட்டிருந்தது. தெருவெல்லாம் அகல் எரிந்தது. வீட்டுக்குப் போனான். கயிறு பிடித்தவர்கள் நட்டுவிட்டுப் போன அளவுக் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். கொஞ்சம் ஈரம்தான், ஆனாலும் எரியும். அவற்றை அடுப்பில் வைத்து உலை ஏற்றினான். நன்றாகப் பசித்தது.